கைவிடப்பட்ட செயலிகளின் வரலாறு: இன்டெல் நிறுவனத்தின் மேசைக்கணினிச் செயலித் திட்டங்கள், 2000–2006

ஆய்வுச் சுருக்கம்

இன்டெல் நிறுவனம் 2000ஆம் ஆண்டு முதல் 2006ஆம் ஆண்டு வரை மேசைக்கணினிச் செயலிகளுக்கென வகுத்த திட்டங்கள் பலமுறை மாறின. பென்டியம் 4 வரிசையின் அடுத்த தலைமுறையாக அமையவிருந்த தேஜஸ் செயலி 2004 மே மாதம் கைவிடப்பட்டது இம்மாற்றங்களுள் முதன்மையானது. வெப்பத்தை அடக்க இயலாமையே இதற்குக் காரணம் என்பது பரவலான விளக்கம். வெப்பம் வரம்பை வகுத்தது என்பதை ஏற்கும் இக்கட்டுரை, அவ்வரம்பை ஒப்புக்கொள்வதில் நேர்ந்த காலத்தாழ்வை வெப்பத்தைக் கொண்டு மட்டும் விளக்க இயலாது என வாதிடுகிறது. அதிர்வெண்ணையே செயலியின் மதிப்பாகச் சந்தைக்குக் கற்பித்த நிறுவனம், தான் கற்பித்ததிலிருந்து தானே மீளவேண்டியிருந்தது. வெளிவந்த செயலிகளோடு வெளிவராதவற்றையும் சேர்த்து வாசிக்கும்போதுதான் இது புலனாகிறது.

திறவுச்சொற்கள்: நுண்செயலி, இன்டெல், பென்டியம் 4, நெட்பர்ஸ்ட், தேஜஸ், கடிகார அதிர்வெண், தொழில்நுட்ப வரலாறு

முன்னுரை

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் சந்தைக்கு வந்த பொருள்களைக் கொண்டே எழுதப்படுகிறது. வெளிவந்த பொருளுக்கு நாள் உண்டு, விலை உண்டு, விவரக்குறிப்பேடு உண்டு. பிற்காலத்தில் அருங்காட்சியகத்தில் ஓர் இடமும் கிடைக்கக்கூடும். பாதியில் நின்றுபோன பொருளுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. அறிவிப்பு ஒன்றும், அது பின்வாங்கப்பட்ட செய்தி ஒன்றுமே அதன் தடயங்களாக எஞ்சுகின்றன.

நுண்செயலித் துறையில் இக்குறை பெரிதும் உறுத்தக்கூடியது. ஒரு புதிய செயலியை வடிவமைத்து முடிக்க நான்கைந்து ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே ஓர் ஆண்டில் விற்பனைக்கு வரும் செயலி, பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு சூழலில் எடுக்கப்பட்ட முடிவின் விளைவேயாகும். இடைப்பட்ட காலத்தில் நிறுவனம் தன் திட்ட அட்டவணையைத் தாய்ப்பலகை உற்பத்தியாளர்களுக்கும் கணினி நிறுவனங்களுக்கும் முன்கூட்டியே காட்டுகிறது. அவர்கள் அதை நம்பிச் செருகுவாய், மின்வழங்கி, பெட்டி, குளிர்விசிறி ஆகியவற்றைத் திட்டமிடுகின்றனர். அட்டவணை என்பது உட்குறிப்பாக இருக்கும் நிலை அத்தோடு முடிந்து, பலரையும் பிணைக்கும் வாக்குறுதியாக அது மாறிவிடுகிறது. அவ்வாக்குறுதி மாறும் இடங்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாம் என்பதே இக்கட்டுரையின் அணுகுமுறை.

அதிர்வெண் அளவுகோலான வரலாறு

இன்டெல் 1971இல் வெளியிட்ட 4004 செயலி ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்களைக் கொண்டிருந்தது. அதன் கடிகார அதிர்வெண் 740 கிலோஹெர்ட்ஸ். 1993இல் வந்த முதல் பென்டியம் 60, 66 மெகாஹெர்ட்ஸ் அளவுகளில் இயங்கியது. 2000 மார்ச்சில் 1 கிகாஹெர்ட்ஸ் எட்டப்பட்டது. பென்டியத்திலிருந்து கணக்கிட்டால் ஏழே ஆண்டுகளில் பதினாறு மடங்கு உயர்வு. இதை இயல்பான வளர்ச்சி என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டதற்கு அடிப்படை ஒன்று இருந்தது.

கோர்டன் மூர் 1965இல் முன்வைத்து 1975இல் திருத்திய கணிப்பு, ஒரு சில்லில் அடங்கும் டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கையைப் பற்றியது. வேகத்தைப் பற்றி அது எதுவும் கூறவில்லை. வேகத்திற்கான அடிப்படை, ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் உடன் பணியாற்றியோரும் 1974இல் வெளியிட்ட ஆய்வில் இருந்தது. டிரான்சிஸ்டரின் அளவுகளையும் மின்னழுத்தத்தையும் ஒரே விகிதத்தில் குறைத்தால், அது விரைந்து இயங்கும். அதேவேளையில் சில்லின் ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் செலவாகும் மின்திறன் மாறாது. சிறிதாக்கினால் போதும், வேகம் தானே கிடைக்கும். அதற்குத் தனியே வெப்ப விலை கொடுக்கவேண்டியதில்லை. மூரின் கணிப்பு புகழ்பெற்ற அளவுக்கு டென்னார்டின் விதி பொதுமக்களிடம் அறிமுகமாகவில்லை. ஆயினும் 1990களின் அதிர்வெண் உயர்வைத் தாங்கி நின்றது பின்னதே.

வாங்குவோருக்கு இவ்விதி தெரியவேண்டிய தேவை இருக்கவில்லை. 1991இல் தொடங்கிய ‘இன்டெல் இன்சைட்’ விளம்பர இயக்கம் செயலியின் பெயரை வீட்டுக்குள் கொண்டுசேர்த்தது. பெயருக்கு அருகில் நின்ற மெகாஹெர்ட்ஸ் எண் விலைப்பட்டியலாகவே ஆயிற்று. எண் கூடினால் விலை கூடும். கடைக்காரரும் வாடிக்கையாளரும் இந்த ஒரே எண்ணைக் கொண்டு பேசிக்கொள்ள முடிந்தது. இவ்வளவு எளிய அளவுகோல் வேறெந்தச் சிக்கலான பொருளுக்கும் வாய்த்ததில்லை எனலாம்.

இவ்வளவுகோலின் பிடி 2000ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. மார்ச் 6 அன்று ஏ.எம்.டி. நிறுவனம் தன் ஆத்லான் செயலியை 1 கிகாஹெர்ட்ஸில் அறிவித்தது. இரண்டே நாள்களில் இன்டெல் அதே அளவில் பென்டியம் 3 செயலியை அறிவித்தது. அவ்வாண்டு கோடையில் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 வெளியாயிற்று. அது நிலையாக இயங்கவில்லை என்பதை வெளியிலிருந்து சோதித்தவர்கள் கண்டறிந்தனர். ஆகஸ்டு இறுதியில் இன்டெல் அதைத் திரும்பப் பெற்றது. பழைய வடிவமைப்பு தன் எல்லையைத் தொட்டுவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நெட்பர்ஸ்ட்: எண்ணுக்காக அமைந்த வடிவம்

2000 நவம்பர் 20 அன்று பென்டியம் 4 வெளியானது. 180 நானோமீட்டர் முறையில் 4.2 கோடி டிரான்சிஸ்டர்களைக் கொண்டு, 1.4, 1.5 கிகாஹெர்ட்ஸ் அளவுகளில் அது வந்தது. அதன் உள்ளமைப்புக்கு நெட்பர்ஸ்ட் என்று பெயர். இவ்வமைப்பின் அடிப்படை முடிவு பைப்லைனைப் பற்றியது.

செயலி ஒவ்வொரு கட்டளையையும் பல படிகளாகப் பிரித்துச் செய்கிறது. ஒரு பட்டறையில் பலர் வரிசையாக அமர்ந்து வேலையைக் கைமாற்றுவதைப் போன்றது இது. ஒவ்வொருவர் பங்கும் சிறிதாக இருந்தால் கைமாற்றம் விரைவாக நடக்கும்; கடிகாரத்தையும் விரைவாக ஓட்டலாம். பென்டியம் 3இல் 10 ஆக இருந்த இப்படிகளை நெட்பர்ஸ்ட் 20 ஆக உயர்த்தியது. இதற்கு ஒரு விலை உண்டு. நிரலில் கிளைபிரியும் இடங்களில் அடுத்து எந்த வழி என்பதைச் செயலி முன்கூட்டியே ஊகித்து வேலையைத் தொடங்கிவிடுகிறது. ஊகம் தவறினால் வரிசையில் உள்ள அரைகுறை வேலை அனைத்தையும் தள்ளிவிட்டு மீண்டும் தொடங்கவேண்டும். வரிசை நீண்டிருந்தால் இழப்பும் பெரிது. ஆகவே ஒரு துடிப்புக்குப் பென்டியம் 4 செய்த வேலை பென்டியம் 3 செய்ததைவிடக் குறைவு. தொடக்ககாலப் பென்டியம் 4 பல சோதனைகளில் அதைவிடக் குறைந்த அதிர்வெண் கொண்ட பென்டியம் 3, ஆத்லான் ஆகியவற்றிடம் பின்தங்கியது.

இம்முடிவை விளம்பரத் துறையின் தந்திரமாக மட்டும் காண்பது பொருந்தாது. துடிப்புக்கான வேலை குறைந்தாலும் துடிப்புகளின் எண்ணிக்கை அதைவிட வேகமாகக் கூடினால் மொத்தத்தில் ஆதாயமே. அடுத்தடுத்த உற்பத்தி முறைகள் அந்த உயர்வைத் தரும் என்று பொறியாளர்கள் நம்பினர். இவ்வமைப்பு 10 கிகாஹெர்ட்ஸ் வரை செல்லும் என்ற எதிர்பார்ப்பும் வெளிப்படையாகவே பேசப்பட்டது. முதற்கட்டத்தில் அந்நம்பிக்கை பொய்க்கவும் இல்லை. 2002 ஜனவரியில் 130 நானோமீட்டர் முறையில் வந்த நார்த்வுட், 5.5 கோடி டிரான்சிஸ்டர்களுடன் 2.2 கிகாஹெர்ட்ஸில் தொடங்கி இரண்டாண்டுகளில் 3.4 கிகாஹெர்ட்ஸை எட்டியது. அதே ஆண்டு நவம்பரில் வந்த 3.06 கிகாஹெர்ட்ஸ் செயலி, ஒரே கருவை இயக்கு முறைமைக்கு இரு செயலிகளாகக் காட்டும் ஹைப்பர்-திரெடிங் வசதியையும் மேசைக்கணினிக்குக் கொண்டுவந்தது. நார்த்வுட்டின் வெற்றியைக் கணக்கில் கொள்ளாமல் பின்னர் நேர்ந்ததைப் புரிந்துகொள்ள முடியாது. தோற்றுக்கொண்டிருந்த நிறுவனம் தன் பாதையை மாற்றத் தயங்கியது என்பதல்ல செய்தி. வென்றுகொண்டிருந்த நிறுவனம் தயங்கியது.

போட்டி நிறுவனம் இந்த எண்ணோடு மல்லுக்கட்டிய விதமும் இங்கே சான்றாகிறது. 2001 அக்டோபரில் ஏ.எம்.டி. தன் ஆத்லான் எக்ஸ்.பி. செயலிகளுக்கு அதிர்வெண்ணை விட்டு மாதிரி எண்ணைச் சூட்டியது. 1800+ என்று பெயரிடப்பட்ட செயலி உண்மையில் 1.53 கிகாஹெர்ட்ஸில் இயங்கியது. அதிர்வெண் அளவுகோல் பொய்யானது என்று வாதிட்டவர்களே, அவ்வளவுகோலைப் போன்று தோன்றும் எண்ணைத்தான் பயன்படுத்தவேண்டியிருந்தது.

வெப்பம்: அறியப்பட்ட இடர்

செயலி செலவிடும் மின்திறனில் இரு கூறுகள் உண்டு. ஒன்று, டிரான்சிஸ்டர்கள் நிலைமாறும்போது செலவாவது. இது அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் கூடும். அதிர்வெண்ணை உயர்த்த மின்னழுத்தத்தையும் சற்று உயர்த்தவேண்டியிருப்பதால், வேகத்தைவிட வெப்பம் விரைந்து ஏறுகிறது. மற்றொன்று கசிவு. அணைத்துவைத்த டிரான்சிஸ்டர் வழியாகவும் சிறிதளவு மின்னோட்டம் கசிகிறது. அளவு குறையக் குறைய இக்கசிவு பெருகும்; அதைக் கட்டுப்படுத்த மின்னழுத்தத்தை ஓர் எல்லைக்குக் கீழே இறக்க இயலாது. டென்னார்டின் விதி முறிந்த இடம் இதுவே.

இது எவரும் அறியாத இரகசியமாக இருக்கவில்லை. 2001 பிப்ரவரியில் நடந்த பன்னாட்டுத் திண்மநிலைச் சுற்று மாநாட்டில் இன்டெல்லின் மூத்த தொழில்நுட்பத் தலைவர்களுள் ஒருவரான பாட் கெல்சிங்கர் ஆற்றிய உரை இதையே பேசியது. போக்கு இப்படியே தொடர்ந்தால் சில்லின் ஒரு சதுரச் சென்டிமீட்டரில் எழும் வெப்பம் அணு உலை, ராக்கெட் முனை, சூரியனின் மேற்பரப்பு என்னும் அளவுகளை நோக்கிச் செல்லும் என்று அவர் எச்சரித்தார். பென்டியம் 4 வெளிவந்து அப்போது மூன்று மாதங்களே ஆகியிருந்தன. எச்சரித்தவர் எதிர்த்தரப்பைச் சேர்ந்தவர் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது.

2004 பிப்ரவரியில் 90 நானோமீட்டர் முறையில் பிரெஸ்காட் வெளியானது. 12.5 கோடி டிரான்சிஸ்டர்கள், 31 படிகள் கொண்ட பைப்லைன், இருமடங்காக்கப்பட்ட இரண்டாம் நிலை இடைநினைவகம். சில்லின் பரப்போ நார்த்வுட்டைவிடக் குறைவு. முந்தைய அனுபவப்படி, உற்பத்தி முறை சிறுத்தால் வெப்பம் தணியவேண்டும். பிரெஸ்காட்டில் அது ஏறியது. அதே அதிர்வெண்ணில் நார்த்வுட்டைவிட அதிகம் சூடாகி, பல வேலைகளில் அதற்குச் சமமாகவோ சற்றுப் பின்தங்கியோ நின்றது. ஜூன் மாதம் புதிய செருகுவாயுடன் வந்த 3.6 கிகாஹெர்ட்ஸ் மாதிரிக்கு நிறுவனம் குறித்த வெப்ப வடிவமைப்பு அளவு 115 வாட். இச்சூட்டைச் சமாளிக்கப் பெட்டியின் உள்ளமைப்பையே மாற்றும் பி.டி.எக்ஸ். என்னும் புதிய தரத்தையும் இன்டெல் முன்வைத்திருந்தது. செயலிக்காகப் பெட்டியையும் தாய்ப்பலகையையும் திருத்தும் நிலை அது. 2006இல் அத்தரமும் கைவிடப்பட்டது.

தேஜஸ்

பிரெஸ்காட்டுக்கு அடுத்து வரவிருந்தது தேஜஸ். அதன் பெயரைத் தமிழ் வாசகர் ஒளி என்னும் வடசொல்லோடு இணைத்துப் பார்க்கத் தோன்றும். இது டெக்சஸ் என்னும் பெயரின் பழைய ஸ்பானிய எழுத்துவடிவம். செவ்விந்திய மொழியொன்றில் நண்பர் என்னும் பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது. அத்திட்டத்தில் பணியாற்றிய குழு டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் இருந்தது. பரிமாறிகளுக்கான அதன் இணைத்திட்டம் ஜேஹாக் எனப்பட்டது.

தேஜஸ் 2004இல் வருமென 2003இன் தொடக்கத்தில் அட்டவணையில் காட்டப்பட்டது. பின்னர் 2005க்குத் தள்ளப்பட்டது. 2004 மே 7 அன்று தேஜஸ், ஜேஹாக் ஆகிய இரண்டும் கைவிடப்படுவதாக இன்டெல் அறிவித்தது. இரண்டு கருக்கள் கொண்ட செயலிகளை மேசைக்கணினிக்கு முன்கூட்டியே கொண்டுவருவதில் கவனம் செலுத்தப்போவதாக நிறுவனம் காரணம் கூறியது.

இவ்வறிவிப்பை அடுத்த மூன்றாம் நாள் நடந்ததோடு சேர்த்து வாசிக்கவேண்டும். மே 10 அன்று மடிக்கணினிகளுக்கான புதிய பென்டியம் எம் வெளியானது. அதன் பெயரில் அதிர்வெண் இல்லை. 755, 745, 735 என்னும் மூவிலக்க எண்களே இருந்தன. ஜூனில் மேசைக்கணினிப் பென்டியம் 4 செயலிகளுக்கும் இவ்வெண்முறை வந்தது. அதிர்வெண்ணை உயர்த்தவென்று அமைந்த செயலித் திட்டமும், அதிர்வெண்ணைப் பெயராக்கிய வழக்கமும் ஒரே மாதத்தில் முடிவுக்கு வரத் தொடங்கின. வெப்பம் முதலாவதை விளக்கும், இரண்டாவதை விளக்காது. பெயரிடும் முறையை மாற்ற மாதக்கணக்கில் தயாரிப்பு தேவை. அளவுகோலைக் கைவிடும் முடிவு செயலியைக் கைவிடும் அறிவிப்புக்கு முன்பே எடுக்கப்பட்டிருந்தது என்றே கொள்ளவேண்டும்.

பழைய வாக்குறுதியின் எச்சம் இன்னும் சில மாதங்கள் நீடித்தது. 2004 இறுதியில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும் என்று சொல்லப்பட்டிருந்தது. பின் 2005இன் முதற்காலாண்டுக்கு அது ஒத்திவைக்கப்பட்டது. அக்டோபரில் முற்றாகக் கைவிடப்பட்டது. அம்மாதம் நடந்த கார்ட்னர் கருத்தரங்கில் நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலர் கிரெய்க் பாரெட் மேடையில் ஒரு காலை மண்டியிட்டு மன்னிப்புக் கோரினார். வேடிக்கையாகச் செய்ததுதான். இருப்பினும் 3.8 கிகாஹெர்ட்ஸுக்கும் 4 கிகாஹெர்ட்ஸுக்கும் உள்ள வேறுபாடு இருபதில் ஒரு பங்கு மட்டுமே. பயன்படுத்துவோர் கையில் அது உணரத்தக்கதும் அன்று. மன்னிப்புக் கேட்கும் அளவுக்கு அந்த எண் கனத்திருந்தது. மேசைக்கணினிச் செயலியொன்றின் அடிப்படை அதிர்வெண்ணாக 4 கிகாஹெர்ட்ஸை இன்டெல் விற்பனைக்குக் கொண்டுவந்தது 2014இல், கோர் ஐ7-4790கே மாதிரியில்.

ஹைஃபாவில் இருந்த மாற்று

மாற்றுவழி 2004இல் புதிதாகத் தேடப்படவில்லை. அது ஓராண்டுக்கு முன்பே விற்பனையில் இருந்தது.

இஸ்ரேலின் ஹைஃபாவில் இருந்த இன்டெல் குழு முன்னதாகத் திம்னா என்னும் மலிவுவிலைச் செயலியை வடிவமைத்து வந்தது. வரைகலையையும் நினைவகக் கட்டுப்பாட்டையும் ஒரே சில்லில் அடக்கிய அது, ராம்பஸ் நினைவகத்தை நம்பி அமைக்கப்பட்டது. அந்நினைவகம் எதிர்பார்த்தபடி மலிவாகவில்லை. அதை வழக்கமான நினைவகத்தோடு இணைக்கவென உருவான சில்லில் குறை கண்டுபிடிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் திம்னா கைவிடப்பட்டது. பென்டியம் 4 செயலியும் தொடக்கத்தில் இதே ராம்பஸ் நினைவகத்தோடு பிணைக்கப்பட்டு, 2001இன் பிற்பகுதியில்தான் மலிவான நினைவகத்தை ஏற்கும் இணைச்சில்லைப் பெற்றது. ஒரே தவறான கணிப்பு ஒரு செயலியை அழித்தது, மற்றொன்றைச் சுணங்கவைத்தது.

அந்த ஹைஃபா குழுவின் அடுத்த வேலை பானியாஸ். 2003 மார்ச்சில் பென்டியம் எம் என்ற பெயரில் அது வெளிவந்தது. மடிக்கணினிக்கு மின்கலமே எல்லை. ஆதலால் குழுவின் கேள்வியே வேறு. எவ்வளவு விரைவாகத் துடிக்கலாம் என்பதற்கு மாறாக, ஒவ்வொரு வாட்டுக்கும் எவ்வளவு வேலை கிடைக்கும் என்று கேட்டனர். பென்டியம் 3இன் மரபிலிருந்து தொடங்கி, ஊகத்தைத் துல்லியமாக்கி, பெரிய இடைநினைவகம் சேர்த்து, பயன்படாத பகுதிகளை அணைத்துவைத்தனர். அதன் உச்ச அதிர்வெண் 1.6 கிகாஹெர்ட்ஸ், வெப்ப அளவு 25 வாட்டுக்குள். அதைவிட மிக உயர்ந்த அதிர்வெண் கொண்ட பென்டியம் 4 மடிக்கணினிச் செயலிகளோடு அது ஈடுகொடுத்தது.

இங்கே நிறுவனம் சந்தித்த இடர் பொறியியல் சார்ந்ததன்று. 1.6 என்னும் எண்ணை 2.4 என்னும் எண்ணுக்கு மேலான விலையில் எப்படி விற்பது? விடையாக வந்தது சென்ட்ரினோ என்னும் பெயர். செயலி, இணைச்சில்லு, கம்பியில்லா இணைப்புக் கருவி ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரே பெயரில் விற்றனர். அந்தப் பெயருக்கு முன் அதிர்வெண் பின்னுக்குச் சென்றது. மடிக்கணினி வாங்குபவர் எடையையும் மின்கல நேரத்தையும் கேட்டார். மேசைக்கணினி வாங்குபவருக்கு அப்படி மாற்றுக் கேள்வி எதுவும் கற்பிக்கப்படவில்லை.

சில தாய்ப்பலகை நிறுவனங்கள் காத்திருக்கவில்லை. ஏஓப்பன், டி.எஃப்.ஐ. ஆகியவை பென்டியம் எம் செயலியை ஏற்கும் மேசைக்கணினித் தாய்ப்பலகைகளை விற்றன. 2005இல் அசூஸ் நிறுவனம் சிடி-479 என்னும் சிறு இணைப்பானைக் கொண்டுவந்தது. அதன்மூலம் பென்டியம் 4க்கென அமைந்த சில தாய்ப்பலகைகளில் பென்டியம் எம் செயலியைப் பொருத்தலாம். மேசைக்கணினிக்கு இச்செயலி ஏற்றது என்பதை வெளியார் கண்டுகொண்டிருந்தனர் என்பதற்கு இந்த இணைப்பானே போதிய சான்று. நிறுவனத்தின் அதிகாரபூர்வ மேசைக்கணினி அட்டவணையிலோ அப்போதும் நெட்பர்ஸ்ட் குடும்பமே இருந்தது.

அவசரத்தின் வடிவம்

தேஜஸ் விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப 2005 மே மாதம் பென்டியம் டி வந்தது. அதில் இருந்தவை ஒரே சில்லில் அடுத்தடுத்து வைக்கப்பட்ட இரு பிரெஸ்காட் கருக்கள். அவை தம்முள் நேரடியாகப் பேசிக்கொள்ள வழியில்லை. ஒரு கரு மற்றொன்றின் தரவைப் பெறச் சில்லுக்கு வெளியே சென்று பொதுத்தடம் வழியாகத் திரும்பவேண்டும். அதே காலத்தில் வந்த ஏ.எம்.டி.யின் ஆத்லான் 64 எக்ஸ்2 செயலியில் கருக்களுக்கிடையிலான இணைப்பு சில்லுக்குள்ளேயே அமைந்திருந்தது. இரட்டைக் கருவுக்கான இடத்தை அவ்வடிவமைப்பு முன்பே ஒதுக்கிவைத்திருந்ததே காரணம். 3.2 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் டி மாதிரியின் வெப்ப அளவு 130 வாட். வெப்பத்தைக் குறைக்கவென்று கைவிடப்பட்ட திட்டத்தின் இடத்தில் அதைவிடக் குறைந்த சூட்டுள்ள செயலி வரவில்லை. 2005 ஆகஸ்டில் நடந்த ஹாட் சிப்ஸ் மாநாட்டில், இச்செயலி அவசரமாக உருவாக்கப்பட்டதை இன்டெல் பொறியாளரே ஒப்புக்கொண்டார்.

இம்மாற்றத்தின் சுமை செயலியோடு நிற்கவில்லை. அதுவரை எழுதப்பட்ட நிரல்கள் புதிய செயலி வந்தபோதெல்லாம் திருத்தமின்றியே விரைந்து ஓடின. இரண்டாவது கருவோ, வேலையைப் பிரித்துத் தரும் நிரலுக்கே பயன்படும். ஹெர்ப் சட்டர் 2005இல் எழுதிய பரவலாக வாசிக்கப்பட்ட கட்டுரை, இலவச விருந்து முடிந்தது என்னும் பொருள்படும் தலைப்பில் நிரலாளர்களுக்கு இதை அறிவித்தது. அட்டவணை மாறியதற்கான விலையின் ஒரு பகுதியை, அட்டவணையை ஒருநாளும் பார்த்திராதவர்கள் செலுத்தினர்.

2005 மே மாதம் தலைமைச் செயல் அலுவலரான பால் ஒட்டெலினி, ஆகஸ்டில் நடந்த மேம்பாட்டாளர் மாநாட்டில் வாட்டுக்கான செயல்திறனைப் புதிய அளவுகோலாக முன்வைத்தார். ஜூன் மாதம் ஆப்பிள் நிறுவனம் இன்டெல் செயலிகளுக்கு மாறுவதாக அறிவித்தபோது ஸ்டீவ் ஜாப்ஸ் கூறிய காரணமும் இதுவே. 2006 ஜூலை 27 அன்று கோர் 2 டுவோ வெளியானது. 29.1 கோடி டிரான்சிஸ்டர்கள், 14 படிகள், இரு கருக்களும் பகிர்ந்துகொள்ளும் 4 மெகாபைட் இடைநினைவகம், 65 வாட். ஹைஃபா மரபிலிருந்து வளர்ந்த அமைப்பு இது. அதன் 2.66 கிகாஹெர்ட்ஸ் மாதிரி, 3 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிய பென்டியம் டி செயலிகளைத் தெளிவாக விஞ்சியது. 2001இன் எச்சரிக்கையிலிருந்து இங்கு வந்துசேர ஐந்தரை ஆண்டுகள் ஆயின. பென்டியம் எம் வெளிவந்த நாளிலிருந்து எண்ணினாலும் மூன்று ஆண்டுகளுக்கு மேல். புதிய செயலியை வடிவமைக்கத் தேவையான காலம் இதில் ஒரு பகுதி என்பதை மறுக்க இயலாது. ஆனால் அக்காலத்தைத் தேஜஸுக்குச் செலவிடுவது என்று 2003இல் இருந்த முடிவு இயற்பியல் எடுத்ததன்று.

ஆள்கள் சென்ற வழி

கைவிடப்பட்ட திட்டத்தில் செலவான பணத்தைப் பற்றிய பேச்சே மிகுதி. அதில் பழகிய கைகள் எங்குச் சென்றன என்பது குறைவாகவே கேட்கப்படுகிறது. திம்னா நின்றதால் பானியாஸுக்கு ஒரு குழு கிடைத்ததை மேலே கண்டோம். பெங்களூரில் இருந்த இன்டெல் குழுவுக்கும் இதையொத்த அனுபவம் உண்டு. அந்நகரின் புறநகர்ப் பகுதியின் பெயரைத் தாங்கிய ஒயிட்ஃபீல்டு என்னும் பரிமாறிச் செயலித் திட்டம் 2005இல் கைவிடப்பட்டது; 2008 செப்டம்பரில் வெளிவந்த ஆறு கருக்கள் கொண்ட டன்னிங்டன் செயலியில் பெங்களூர்க் குழுவின் உழைப்பு வெளிப்பட்டது.

ஆஸ்டின் குழுவின் கதை இவற்றினும் வியப்புக்குரியது. தேஜஸ் கைவிடப்பட்டபின் அக்குழுவிடம் தரப்பட்டது மிகக் குறைந்த மின்திறனில் இயங்கும் செயலியை உருவாக்கும் பணி. அவ்வமைப்பு ஆஸ்டின் அருகிலுள்ள ஒரு குன்றின் பெயரால் போனெல் எனப்பட்டது. 2008இல் ஆட்டம் என்னும் பெயரில் அது வெளியானது. 45 நானோமீட்டர் முறையில் அமைந்த அதன் முதல் மாதிரிகளில் 4.7 கோடி டிரான்சிஸ்டர்களே இருந்தன. அதாவது நார்த்வுட்டில் இருந்ததைவிடக் குறைவு. வெப்ப அளவு 0.65 வாட்டில் தொடங்கியது. விலைகுறைந்த சிறு மடிக்கணினிகள் பல இக்குடும்பச் செயலிகளைக் கொண்டே அக்காலத்தில் விற்பனைக்கு வந்தன. கட்டளைகளை வந்த வரிசையிலேயே நிறைவேற்றும் எளிய செயலி அது. ஆயினும் அதன் பைப்லைனில் 16 படிகள் இருந்தன. பென்டியம் எம், கோர் 2 ஆகிய இரண்டிலும் இல்லாத ஹைப்பர்-திரெடிங் ஆட்டத்தில் மீண்டும் வந்தது. அவ்வாண்டு நவம்பரில் வெளியான முதல் கோர் ஐ7 மேசைக்கணினிச் செயலியிலும் அது இடம்பெற்றது.